குரைக்காது, கடிக்கும்: ராஸ்பெரி பை வாட்ச்டாக்கும் அதன் கெர்னல் டிரைவரும்

ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ராஸ்பெரி பை போர்டை மாட்டி வைப்பவர்களுக்கு வாட்ச்டாக் கூடவே வரும் இலவசக் காவல்: குறித்த நேரத்துக்குள் (டைம்அவுட்) “உயிரோடு இருக்கிறேன்” என்ற சமிக்ஞை (பிங்) வராவிட்டால் போர்டை ரீசெட் செய்து “கடிக்கும்” கடிகாரம். தனியாக வாங்க வேண்டியதில்லை, பிராட்காம் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. லினக்ஸ் கெர்னலில் அதற்கான டிரைவர் 2013ல் எழுதப்பட்டது. பை 1 முதல் பை 5 வரை, பிசிஎம்2835 என்ற பழைய சில்லின் பெயரிலேயே, அதே டிரைவர்தான் ஓடுகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். டைம்அவுட்டை 15 வினாடிக்குள் வைத்தால் நம்பலாம். அதைத் தாண்டி வைப்பதாக இருந்தால், உங்கள் கெர்னலில் இருக்கும் டிரைவர் கோப்பைத் திறந்து ஒரு வரியைப் பார்க்காமல் வைக்காதீர்கள். அந்த வரி பழையபடியே இருந்தால் 60 வினாடி வேலை செய்யும். 20 வினாடி கொடுத்தால் போர்டு ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும். கூடுதல் நேரம் கேட்டவருக்குக் குறைவான நேரம் கிடைப்பது எப்படி என்பதுதான் இந்த டிரைவரில் ரீவியூ செய்ய வேண்டிய முக்கியமான சங்கதி.

முதலில் வன்பொருள். சில்லின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் நமக்கு வேண்டியவை மூன்று ரெஜிஸ்டர்கள் (சில்லைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடங்கள்). ஹெக்ஸ் 1சி என்ற இடத்தில் ரீசெட் கன்ட்ரோல், 20ல் ரீசெட் ஸ்டேட்டஸ், 24ல் எண்ணி. எண்ணியின் அகலம் 20 பிட். வினாடிக்கு 65,536 டிக் வீதம் அது இறங்கும். 20 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 10,48,575. அதாவது 16 வினாடிக்கு ஒரே ஒரு டிக் குறைவு. இதுதான் இந்த வாட்ச்டாக்கின் கூரை. மென்பொருளில் என்ன செய்தாலும் இது உயராது.

இந்த ரெஜிஸ்டர்களில் எதை எழுதினாலும் மேல் 8 பிட்டில் ஹெக்ஸ் 5ஏ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதியது ஏறாது. எங்கிருந்தோ தறிகெட்டு வரும் ஒரு பாயின்டர் தற்செயலாக இங்கே எழுதி வாட்ச்டாக்கை அணைத்துவிடாமல் இருக்க இது ஒரு பூட்டு. புதிதாக யாராவது இந்த டிரைவருக்குப் பேட்ச் அனுப்பினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்தக் கடவுச்சொல் சேர்க்கப்பட்டிருக்கிறதா? விட்டுப்போனால் கம்பைலர் சத்தம் போடாது, பூட்டும் சத்தம் போடாது. வாட்ச்டாக் ஓடுகிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான்.

ஒரு குறையை இங்கேயே பதிவு செய்துவிட வேண்டும். பிராட்காம் வெளியிட்ட பிசிஎம்2835 பெரிஃபெரல் ஆவணத்தில் வாட்ச்டாக்குக்கு ஓர் அத்தியாயம் கூடக் கிடையாது. டிரைவரின் தலையில் இருக்கும் டிஃபைன் வரிகள்தான் நடைமுறையில் ஆவணம். எண்ணியில் 0 ஏற்றினால் என்ன ஆகும் என்பது போன்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை.

டிரைவர் சின்னது. ஒரு மாலைப்பொழுதில் முழுதாகப் படித்துவிடலாம். வாட்ச்டாக் டிரைவர் ரீவியூ பழக நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். மையமே ஸ்டார்ட் ஃபங்ஷன்தான். ஸ்பின்லாக் (ஒரே நேரத்தில் இருவர் நுழையாமல் தடுக்கும் பூட்டு) பிடிக்கிறது. டைம்அவுட்டை டிக்காக மாற்றி எண்ணியில் ஏற்றுகிறது. பிறகு ரீசெட் கன்ட்ரோலைப் படித்து, 4, 5 ஆகிய இரண்டு பிட்டுகளைத் துடைத்து, 5ஆவது பிட்டை மட்டும் வைத்துத் திரும்ப எழுதுகிறது. எண்ணி தீர்ந்தால் முழு ரீசெட் என்று அதற்கு அர்த்தம்.

இந்த வரிசை முக்கியம். முதலில் எண், பிறகுதான் ஆயுதம். மாற்றி எழுதினால், எண்ணியில் முன்பு மிச்சமிருந்த சில்லறை டிக்குகளோடு வாட்ச்டாக் உயிர்பெற்று, புது எண் ஏறுவதற்குள் போர்டைக் கவிழ்த்துவிடலாம். இங்கே வரிசை சரி. எழுதுவதற்கு ரிலாக்ஸ்டு வகை ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறார்களே, வரிசை கலையாதா என்று கேட்பார்கள். ஒரே சாதனத்தின் ரெஜிஸ்டர்களுக்குப் போகும் எழுதுதல்களின் வரிசையை ஆர்ம் கலைக்காது. மெமரியில் இருக்கும் டேட்டாவோடு ஒத்துப்போக வேண்டிய டிஎம்ஏ சமாச்சாரம் இங்கே எதுவும் இல்லை. ஆகவே அது குற்றமில்லை.

பிங் என்று தனி ஃபங்ஷன் கிடையாது. டிரைவர் பிங் ஃபங்ஷன் கொடுக்காவிட்டால், வாட்ச்டாக் கோர் (எல்லா வாட்ச்டாக் டிரைவர்களுக்கும் பொதுவான கெர்னல் பகுதி) ஸ்டார்ட்டையே திரும்பக் கூப்பிடும். டைம்அவுட்டை மாற்றும் ஃபங்ஷனும் கிடையாது. கோரே மதிப்பை மாற்றி வைத்துக்கொண்டு, வாட்ச்டாக் ஓடிக்கொண்டிருந்தால் உடனே ஒரு பிங் அனுப்புகிறது. அந்தப் பிங் ஸ்டார்ட்டுக்குள் போய்ப் புதிய எண்ணை ஏற்றிவிடுகிறது. சிக்கனமான அமைப்பு. ஆனால் இந்தச் சிக்கனத்தால் எல்லாப் பாரமும் ஸ்டார்ட்டில் இருக்கும் ஒரே கணக்கின் தலையில் விழுகிறது.

அந்தக் கணக்குக்கு வருவோம். வினாடியை டிக்காக மாற்ற 16 பிட் இடப்பக்கம் நகர்த்துகிறார்கள். பிறகு 20 பிட் மாஸ்க்கோடு ஆண்ட் போட்டு, 20 பிட்டுக்கு மேலே இருப்பதை வெட்டிவிடுகிறார்கள். டைம்அவுட் 15ஐத் தாண்டவே முடியாது என்று இருந்த காலத்தில் இது பாதுகாப்பானது. மாஸ்க் வெறும் அலங்காரம். அப்போது டிரைவர் தன் அதிகபட்ச டைம்அவுட் 15 என்று கோரிடம் சொல்லியிருந்தது. 60 கேட்டால் கோர் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடும். டெபியனின் வாட்ச்டாக் டீமனை (பின்னணியில் ஓடும் நிரல்) ராஸ்பெரி பையில் நிறுவியவர்கள் பார்த்திருக்கும் பிழை எண் 22, இன்வேலிட் ஆர்க்யுமென்ட், இதனால் வந்ததுதான். அந்த டீமன் எதுவும் சொல்லாவிட்டால் 60 வினாடி கேட்கும்.

மறுப்பது தவறு என்றும் ஒரு நியாயம் இருந்தது. வன்பொருளின் கூரை குறைவு என்பதற்காக டைம்அவுட் கேட்கும் நிரலைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது வாட்ச்டாக் ஏபிஐயின் நிலைப்பாடு. அதற்காக 2016ல் கோரில் ஒரு வசதி வந்தது. டிரைவர் தன் வன்பொருளின் அதிகபட்ச இதயத்துடிப்பை, அதாவது பிங்குக்குப் பிங் அது தாங்கும் நேரத்தை, மில்லிவினாடியில் சொல்லிவிட்டால் போதும். யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்கள்) 60 வினாடி கேட்டால், கோரின் வாட்ச்டாக்டி என்ற கெர்னல் த்ரெட் நடுநடுவே தானே வன்பொருளைப் பிங் செய்துகொண்டிருக்கும். 60 வினாடி யூசர்ஸ்பேஸிலிருந்து சத்தமே இல்லையென்றால் கோர் கையை எடுத்துவிடும், வன்பொருள் கடிக்கும். 2023ல் பை டிரைவரும் இந்த முறைக்கு மாறியது. அதிகபட்ச டைம்அவுட் என்ற வரி போய், அதிகபட்ச இதயத்துடிப்பு 15,999 மில்லிவினாடி என்று ஆனது.

இப்படி மாற்றும் பேட்ச் கைக்கு வந்தால் ரீவியூ செய்பவர் கேட்க வேண்டிய கேள்வி: இனி டைம்அவுட் 15க்கு மேல் வரலாம் என்றால், ஸ்டார்ட்டில் இருக்கும் அந்த மாஸ்க் என்ன ஆகும்?

16 படி கொள்ளும் சாக்கில் 20 படி நெல்லைக் கொட்டினால் 4 படி வழிந்து தரையில் கிடக்கும், சாக்கில் 16 இருக்கும். மாஸ்க் செய்வது இதற்கு நேர்மாறு. முதல் 16 படியைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சம் 4ஐச் சாக்கில் வைக்கிறது. 20 வினாடியை 16 பிட் நகர்த்தி 20 பிட் மாஸ்க் போட்டால் எண்ணியில் ஏறுவது 4 வினாடி. 17 கொடுத்தால் 1. 16, 32, 48 கொடுத்தால் 0. மொத்தத்தில், 16ஆல் வகுத்து வரும் மீதி.

கோரின் பிங் எப்போது வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் தெரியும். கேட்ட டைம்அவுட், வன்பொருளின் அதிகபட்சம் இரண்டில் சிறியதை எடுத்து, அதில் பாதிக்கு ஒரு முறை கோர் பிங் செய்கிறது. 15,999ல் பாதி 7,999 மில்லிவினாடி. எண்ணியில் ஏறியது அதைவிடக் குறைவாக இருந்தால் பிங் வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

ஆக மீதி 9 முதல் 15 வரை வந்தால் பிழைக்கும். 60 வினாடிக்கு மீதி 12, தப்பித்தது. 30க்கு 14, தப்பித்தது. 20க்கு 4, 35க்கு 3, 50க்கு 2, போச்சு. 60ஐ மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு “வேலை செய்கிறது” என்று யாரும் சொல்லிவிடலாம், பொய்யும் இல்லை. மீதி சரியாக 8 வரும் எண்கள்தான் வயிற்றைக் கலக்குபவை: 24, 40, 120, 600. எண்ணியில் 8,000 மில்லிவினாடி, பிங் 7,999இல். இடைவெளி ஒரு மில்லிவினாடி. போர்டு சும்மா இருக்கும்போது தப்பும்; டைமர் இன்டரப்ட் கொஞ்சம் தாமதித்தால், அல்லது பிங் செய்யும் த்ரெட் எழுந்திருக்கச் சற்று நேரம் எடுத்தால், கடிதான். இந்த 600ஐ யார் கொடுப்பார்கள் என்று நினைக்காதீர்கள். லினக்ஸில் முதல் ப்ராசஸாக ஓடி மற்ற சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், ரீபூட் சமயத்துக்கான ரீபூட்வாட்ச்டாக்செக் என்ற அமைப்புக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் மதிப்பு 10 நிமிடம். 600 வினாடி.

யூசர்ஸ்பேஸ் நிரல் தானாகவே அடிக்கடி பிங் செய்தால் இந்தப் பிழை மறைந்துகொள்ளும் என்பது இன்னொரு சங்கடம். ஒவ்வொரு பிங்கும் வன்பொருள் வரை போகிறது. டெபியனின் டீமன் வழக்கமாக வினாடிக்கு ஒரு முறை பிங் செய்யும். அதனிடம் 20 கொடுத்தால், எண்ணியில் 4 இருந்தாலும் எதுவும் ஆகாது. சிஸ்டம்டி கேட்ட டைம்அவுட்டில் பாதிக்கு ஒரு முறைதான் பிங் செய்யும். அதே 20ஐ அதனிடம் கொடுத்தால் 10 வினாடிக்கு ஒரு பிங். 4ஆவது வினாடியில் போர்டு கவிழும். பூட் ஆகும், சிஸ்டம்டி எழும், வாட்ச்டாக்கை எடுக்கும், 4 வினாடியில் மறுபடி கவிழும். கன்சோல் கேபிள் இல்லாதவருக்கு எஸ்டி கார்டு கெட்டுவிட்டது போலத் தோன்றும்.

தீர்வு ஒரு வரி. மாஸ்க் போடுவதற்கு முன், டைம்அவுட்டையும் அதிகபட்ச இதயத்துடிப்பை 1000ஆல் வகுத்து வருவதையும் ஒப்பிட்டு, சிறியதை மட்டும் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் 20க்கும் 60க்கும் 600க்கும் எண்ணியில் 15 ஏறும். 8 வினாடிக்கு ஒரு பிங் என்பது வசதியான இடைவெளி. கெர்னலின் வாட்ச்டாக் ஏபிஐ ஆவணமும் இதையேதான் எதிர்பார்க்கிறது: இரண்டில் சிறியதை வன்பொருளுக்குக் கொடு, கேட்டதை நினைவில் வைத்துக்கொள். உங்கள் கெர்னல் மூலநிரலில் அந்த ஒப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது 15ஐத் தாண்டாதீர்கள். மாஸ்க்கும் வரம்பு கட்டுவதும் ஒன்றல்ல என்பதை எந்த வாட்ச்டாக் டிரைவரைப் படித்தாலும் சரிபார்க்கலாம். இந்தத் தவறு பைக்கு மட்டும் சொந்தமானதல்ல.

அதே இடத்தில் மில்லிவினாடிக்கு மாற்றும் மேக்ரோவையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. டிக்கை 1000ஆல் பெருக்கிப் பிறகு 16 பிட் வலப்பக்கம் நகர்த்துகிறது. 10,48,575 பெருக்கல் 1000 என்பது நூறு கோடியைச் சற்றுத் தாண்டும். குறியுள்ள 32 பிட்டின் எல்லை சுமார் 214 கோடி. தப்பித்தது, ஆனால் எண்ணி 22 பிட்டாக இருந்திருந்தால் தப்பித்திருக்காது. மற்ற சில்லுகளில் இந்தக் கணக்கு நிஜமாகவே கவிழும்: 24 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தோடு வினாடியைப் பெருக்கினால் 179ஆவது வினாடியில் 32 பிட் நிரம்பி வழியும்.

நிறுத்தும் ஃபங்ஷன் ஒரே ஒரு முறை எழுதுகிறது. ரீசெட் கன்ட்ரோலில் ஹெக்ஸ் 102. 4, 5 பிட்டுகள் இரண்டும் 0. லாக் பிடிக்கவில்லை. படித்து மாற்றி எழுதும் வேலை இல்லாததால் அதனளவில் பரவாயில்லை. மறுதொடக்கம் செய்யும் ஃபங்ஷனும் லாக் பிடிப்பதில்லை. எண்ணியில் 10 டிக், அதாவது சுமார் 150 மைக்ரோவினாடி ஏற்றிவிட்டு, ஒரு மில்லிவினாடி காத்திருக்கிறது. அந்த இடைவெளியில் வாட்ச்டாக்டி உள்ளே வந்து 15 வினாடியைத் திரும்ப ஏற்றிவிட்டால்? வராது. ஆர்மில் மறுதொடக்கப் பாதை இங்கே வருவதற்கு முன்பே இன்டரப்டை அணைத்து மற்ற சிபியு கோர்களையும் நிறுத்திவிடுகிறது. ஆகவே லாக் இல்லாதது சரி. ஆனால் ஏன் சரி என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கலாம்.

பவர் ஆஃப் கூட வாட்ச்டாக் ரீசெட்தான் என்பது பலருக்குத் தெரியாது. பழைய பைகளால் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே துண்டிக்க முடியாது. ரீசெட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஒன்று விட்டு ஒன்றாக ஆறு பிட்டுகளில் பூட் பார்ட்டிஷன் எண் உட்கார்ந்திருக்கிறது. அதில் 63 எழுதி ரீசெட் செய்தால், ஃபர்ம்வேர் எழுந்து பார்த்து, பூட் ஆகாமல் படுத்துவிடும்.

பூட்லோடர் வாட்ச்டாக்கை ஓடவிட்டபடியே கெர்னலை ஏற்றினால் என்ன ஆகும் என்பதையும் டிரைவர் சரியாகக் கவனிக்கிறது. ரீசெட் கன்ட்ரோலில் 5ஆவது பிட் ஏற்கெனவே இருந்தால் “வன்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது” என்று கோருக்குச் சொல்கிறது. யூசர்ஸ்பேஸ் வந்து எடுத்துக்கொள்ளும் வரை கோரே பிங் செய்யும். இதில் ஒரு பொறி உண்டு. ரூட் கோப்பமைப்பு ஏறாமல், யூசர்ஸ்பேஸ் வரவே வராமல் போனால், கோர் காலாகாலத்துக்கும் பிங் செய்துகொண்டே இருக்கும். செத்த போர்டை உயிரோடு இருப்பதாகக் காட்டும். கெர்னல் பூட் வரியில் வாட்ச்டாக் கோரின் ஓப்பன் டைம்அவுட்டை 120 என்பது போல் ஓர் எண்ணாக வைத்தால் அந்தக் கருணைக்கு எல்லை கட்டலாம்.

இனி இல்லாதவை. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள்; இந்த நாய் குரைக்கவே குரைக்காது, நேரே கடி. ப்ரீ-டைம்அவுட் என்ற முன்னெச்சரிக்கை இன்டரப்ட் இந்த வன்பொருளில் கிடையாது. ஆர்ம் சர்வர்களில் வரும் எஸ்பிஎஸ்ஏ வாட்ச்டாக்குக்கு இரண்டு கட்டம்: முதலில் இன்டரப்ட், அதற்கும் யாரும் அசையாவிட்டால் ரீசெட். முதல் கட்டத்தில் பேனிக் (கெர்னல் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது) செய்து, எந்த இடத்தில் மாட்டிக்கொண்டது என்று பதிவு செய்துவிடலாம். பையில் அந்த வாய்ப்பு இல்லை. போர்டு எழுந்துவிடும், ஏன் விழுந்தது என்பதற்குத் தடயம் இருக்காது. ஈடுகட்ட ஒரே வழி, கெர்னலின் சாஃப்ட் லாக்கப், ஹங் டாஸ்க் கண்டுபிடிப்பான்களைப் பேனிக்கோடு இணைத்து, சீரியல் கன்சோலையோ, கெர்னல் பதிவை ரீசெட்டைத் தாண்டி மெமரியில் வைத்திருக்கும் ராம்ஊப்ஸையோ ஓடவிடுவது.

பூட் ஸ்டேட்டஸும் இல்லை. முந்தைய ரீசெட் வாட்ச்டாக்கால் வந்ததா என்ற கேள்விக்கு டிரைவர் பதில் சொல்வதில்லை. அதற்கென ஒரு பிட் பெயர் டிஃபைன் வரிகளில் இருக்கிறது, யாரும் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தினாலும் பெரிய லாபம் இல்லை. பழைய பைகளில் சாதாரண ரீபூட்டும் இதே வாட்ச்டாக் வழியாகத்தான் போகிறது என்பதால், கடியையும் ரீபூட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. நடைமுறையில் செய்யக்கூடியது: முறையாக மூடும்போது ஒரு கோப்பை எழுதி வைத்து, அடுத்த பூட்டில் அது இருக்கிறதா என்று பார்ப்பது.

மிச்ச நேரம் காட்டும் வசதி உண்டு, ஆனால் எண்ணியில் இருப்பதை மட்டுமே காட்டும். 60 வினாடி டைம்அவுட் வைத்துவிட்டு, “மிச்சம் 11” என்று வந்தால் பயப்பட வேண்டாம். அது வன்பொருளின் மிச்சம், உங்களுடையது அல்ல.

ரீபூட் சமயத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ரீபூட் அறிவிப்பு வந்ததும் வாட்ச்டாக்கை நிறுத்தச் சொல்லி டிரைவர் கோரிடம் கேட்டுக்கொள்கிறது. அதன் பிறகுதான் கெர்னல் ஒவ்வொரு சாதனத்தையும் மூடும். ஏதோ ஒரு யூஎஸ்பி டிரைவர் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டால் காப்பாற்ற யாரும் இல்லை. தொலைவிலிருந்து ரீபூட் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்குப் போர்டு திரும்பி வராது. வாட்ச்டாக் கோரின் ஸ்டாப்-ஆன்-ரீபூட் அளவுருவை பூட் வரியில் 0 ஆக வைத்தால் நாய் கடைசி வரை விழித்திருக்கும். ஆள் போகாத இடத்தில் மாட்டும் போர்டுக்கு இதை நிச்சயம் வையுங்கள். வைத்த பிறகு பவர் ஆஃப் கட்டளையையும் ஒருமுறை சோதியுங்கள்.

அமைக்கும் முறைக்கு வருவோம். டபிள்யூடிசிடிஎல் கட்டளையை ஓட்டினால் “பிராட்காம் பிசிஎம்2835 வாட்ச்டாக் டைமர்” என்ற பெயர் வர வேண்டும். வராவிட்டால் பூட் பார்ட்டிஷனில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் வாட்ச்டாக்கை ஆன் செய்யும் டிடிபாரம் வரியைச் சேர்த்துப் பாருங்கள். சிஸ்டம்டியின் சிஸ்டம் கான்ஃப் கோப்பில் ரன்டைம்வாட்ச்டாக்செக் 15, ரீபூட்வாட்ச்டாக்செக்கும் 15. இரண்டாவதை மறந்தால் மேலே சொன்ன 600 வந்து உட்காரும். மாற்றிய பின் ரீபூட் செய்து, ஜர்னலில் டைம்அவுட் 15 வினாடி என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சிஸ்டம்டி, வாட்ச்டாக் டீமன் இரண்டில் ஒன்றுதான். வாட்ச்டாக் கோப்பை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். இரண்டாவதாக வருபவருக்கு “டிவைஸ் பிஸி” கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது? சிஸ்டம்டி எளிது, ஆனால் அதன் பிங் சொல்வதெல்லாம் முதல் ப்ராசஸ் உயிரோடு இருக்கிறது என்பதைத்தான். உங்கள் சென்சார் நிரல் உறைந்துபோனதை அது அறியாது. அதற்கு அந்த சர்வீஸ் கோப்பிலேயே வாட்ச்டாக்செக் 30 என்று வைத்து, நிரலின் மைய லூப்பிலிருந்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். தனி த்ரெட்டிலிருந்து அனுப்பாதீர்கள். மைய லூப் செத்த பிறகும் அந்த த்ரெட் பிங் செய்துகொண்டிருக்கும். 5 நிமிடத்தில் 4 முறை விழுந்தால் போர்டையே ரீபூட் செய் என்று ஸ்டார்ட்லிமிட் அமைப்புகளில் சொல்லலாம். டீமன் வேண்டுமென்றால், கான்ஃபிக் கோப்பில் டைம்அவுட் 15 என்று எழுதுங்கள். ரியல்டைம் என்பதை யெஸ் ஆக்குங்கள். அப்போதுதான் அது தன் பக்கங்களை மெமரியில் பூட்டி வைத்துக்கொள்ளும்.

அந்தப் பூட்டு ஏன் வேண்டும் என்றால், வீண் கடிக்குப் பெரிய காரணம் எஸ்டி கார்டு ஸ்வாப்தான். 512 எம்பி, 1 ஜிபி போர்டுகளில் மெமரி நிரம்பி ஸ்வாப் ஆரம்பித்தால், சிஸ்டம்டியே ஒரு பக்கத்துக்காக மெதுவான கார்டின் வாசலில் காத்துக் கிடக்கும். பிங்குக்குப் பிங் 15 வினாடியைத் தாண்டிவிட்டால் ஓடிக்கொண்டிருந்த போர்டு கவிழும். அதுவும் அப்டேட் பாதியில் இருக்கும்போது. கார்டில் ஸ்வாப்பை எடுத்துவிடுங்கள், வேண்டுமென்றால் இசட்ராம் (மெமரிக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்) வையுங்கள். வரம்பு கட்டிய டிரைவரோடு 60 வினாடி வைப்பதன் உண்மையான பயனும் இங்கேதான்: கெர்னல் உறைந்தால் 15 வினாடிக்குள் கடி, யூசர்ஸ்பேஸ் மட்டும் திணறினால் 60 வினாடி அவகாசம்.

சோதிக்காத வாட்ச்டாக் இல்லாத வாட்ச்டாக். ஃபோர்க் பாம் (தன்னைத் தானே பெருக்கிக்கொண்டே போகும் நிரல்) போட்டு சோதிப்பது பலரின் வழக்கம்; அது நல்ல சோதனை அல்ல, ஏனென்றால் சிஸ்டம்டிக்கு நடுநடுவே சிபியு கிடைத்துவிடும், கடி வராமலும் போகலாம். நேரான வழி கெர்னல் பேனிக். முதலில் கெர்னல் பேனிக் அளவுரு 0 என்று உறுதி செய்யுங்கள். அதில் 10 என்று இருந்தால் பேனிக் தானே 10 வினாடியில் ரீபூட் செய்யும். வாட்ச்டாக் கடித்தது என்று ஏமாந்துபோவீர்கள். பிறகு சிங்க் கட்டளை, பிறகு ப்ராக் அடைவில் இருக்கும் சிஸ்ஆர்க்யூ-ட்ரிகர் கோப்பில் ஆங்கிலச் சின்ன சி. கையில் ஸ்டாப்வாட்ச். சிஸ்டம்டி 7.5 வினாடிக்கு ஒரு முறை பிங் செய்வதால், பேனிக்கிலிருந்து 7.5 முதல் 15 வினாடிக்குள் ரீசெட் வர வேண்டும். 15ஐத் தாண்டியும் வராவிட்டால் வாட்ச்டாக் ஓடவே இல்லை.

யூசர்ஸ்பேஸ் பக்கத்தைச் சோதிக்க, சிஸ்டம்டியின் பிடியை எடுத்துவிட்டு, கேட் கட்டளையின் வெளியீட்டை வாட்ச்டாக் கோப்புக்குத் திருப்பி, ஒரு முறை என்டர் தட்டிவிட்டுக் கன்ட்ரோல்-சி கொடுங்கள். மூடுவதற்கு முன் ஆங்கிலப் பெரிய வி எழுதாததால் கோர் அதை நிறுத்தாது. “வாட்ச்டாக் நிற்கவில்லை” என்று கெர்னல் பதிவில் ஒரு வரி வரும், 15 வினாடியில் போர்டு போகும். கேட்டின் இடத்தில் உங்கள் நிரல் இருந்து, கிராஷ் ஆகி மூடினாலும் இதேதான் நடக்கும். அதுதான் நமக்கு வேண்டியதும். வி எழுதிவிட்டு மூடுவதையும் தடுக்க வேண்டுமென்றால் நோ-வே-அவுட் அளவுரு இருக்கிறது. ஒருமுறை ஓடினால் நிற்காது.

கடைசியாக, இந்த நாயால் முடியாத வேலை. அது காவல் காக்கும் சில்லுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. மின்னழுத்தம் தாழ்ந்து சில்லே நிலை தடுமாறினால் நாயும் சேர்ந்தே தடுமாறலாம். அது செய்வது ரீசெட், மின்துண்டிப்பு அல்ல; ஜிபிஐஓ தலைப்பின் 5 வோல்ட் பின்னிலிருந்து ஓடும் மோடமோ ரிலே போர்டோ உறைந்திருந்தால், பை எத்தனை முறை ரீபூட் ஆனாலும் அது உறைந்தபடியே இருக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு வெளியே ஒரு சில்லு வைக்க வேண்டும்.

டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்3823 இதற்குப் பழக்கமான தேர்வு. 1.6 வினாடி பிங் வராவிட்டால் சுமார் 200 மில்லிவினாடி ரீசெட் கொடுக்கும். மின்னழுத்தத்தையும் தானே கண்காணிக்கும். கெர்னலின் ஜிபிஐஓ வாட்ச்டாக் டிரைவரோடு சேரும். டிவைஸ் ட்ரீயில் (கெர்னலுக்கு வன்பொருளை விவரிக்கும் கோப்பு) டாகிள் முறை என்றும், வன்பொருள் எல்லை 1600க்குக் கீழே, 1000 என்பது போலவும் கொடுங்கள். 1.6 வினாடிக்குள் கெர்னல் பூட் ஆகாதே என்று கவலை வேண்டாம். அந்தச் சில்லின் பிங் கால் எதனோடும் இணையாமல் மிதந்தால் வாட்ச்டாக் செயலற்று இருக்கும். பூட் சமயத்தில் ஜிபிஐஓ, உள்புற புல் ரெசிஸ்டர் எதுவும் இல்லாத இன்புட்டாக இருந்தால், டிரைவர் அதை அவுட்புட்டாக மாற்றும் வரை கடி இல்லை. நிறுத்தும்போது டிரைவர் அந்தக் காலைத் திரும்ப இன்புட் ஆக்குவதும் இதற்காகத்தான். ஆகவே அந்தக் கம்பியில் யாராவது “பாதுகாப்புக்காக” ஒரு புல்-அப் ரெசிஸ்டர் சாலிடர் செய்திருந்தால், முதல் வேலையாக அதை எடுங்கள்.